ஓர் அங்குலம் ஒரு மைல்: இரணைமடுவின் பழைய தேசப்படத்தை வாசிப்போம்

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவதா, கூடாதா என்ற பேச்சு புலம்பெயர்ந்த எமது குடும்பங்களிலும் பல காலம் நடந்தது. யாழ்ப்பாணத்தார் ஒரு பக்கம், வன்னியார் ஒரு பக்கம். ஒரே வீட்டில் மாமனும் மருமகனும் இரண்டு பக்கம் நின்றதும் உண்டு. இரு பகுதியாரும் "இரணைமடுத் தண்ணீர்" என்ற ஒரே சொல்லைச் சொன்னார்கள். ஆனால் எல்லோரும் ஒரே தண்ணீரைச் சொல்லவில்லை என்பதே என் எண்ணம். அதை விளங்கிக்கொள்ள ஒரு பழைய தேசப்படம் போதும். இங்கு பிறந்து வளரும் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்திருந்து படிக்கத்தக்கதாக, அப்படத்தை வாசிக்கும் முறையை இவ்விதழில் எழுதுகிறேன். நான் புவியியல் ஆசிரியன் அல்லன், கணக்காளன். ஆகவே கணக்குச் சற்றுத் தூக்கலாக இருக்கும். வாசகர்கள் பொறுத்தருள்க.

ஊரில் உயர்தர வகுப்பில் புவியியல் படித்தவர்களுக்கு "ஓர் அங்குலப் படம்" நினைவிருக்கும். 1800ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களம் இலங்கை முழுவதையும் 72 தாள்களில் வரைந்து வெளியிட்ட இடவிளக்கப்படம் அது. தரையில் ஒரு மைல், தாளில் ஓர் அங்குலம். ஒரு மைலில் 63,360 அங்குலங்கள் இருப்பதால் அளவுத்திட்டம் 1:63,360 ஆகும். பின்னர் மீற்றர் முறைக்கு மாறி 1:50,000 என்ற அளவில் 92 தாள்களாகப் புதிய படங்கள் வந்தன. ஆனால் 1950களின் குடியேற்றத்திட்டக் காலத்து வன்னியைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய ஓர் அங்குலப் படத்தையே விரிக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் தேசப்படப் பகுதி இருந்தால் அங்கு கேட்டுப் பாருங்கள்.

பிரதி எடுக்கும்போது ஒரு கவனம் தேவை. பிரதி இயந்திரம் படத்தைச் சுருக்கிவிட்டால் "ஓர் அங்குலம் ஒரு மைல்" என்ற எழுத்து பொய்யாகிவிடும். அடியில் வரைந்திருக்கும் அளவுக்கோடு மாத்திரம் படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் அது பொய்யாகாது. எனவே அளவுக்கோடு இல்லாத பிரதியை வாங்காதீர்கள்.

ஓரத்தை முதலில் படியுங்கள்

எங்கள் தொழிலில் ஒரு கணக்கைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது அது எந்தத் திகதிக்குரியது என்பதைத்தான். தேசப்படத்துக்கும் அதே விதி. அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு, திருத்திய ஆண்டு வேறு. 1950களில் அச்சான ஒரு தாளில் அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அளந்த காடும், பின்னர் சேர்க்கப்பட்ட புதுத் தெருவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ், நாங்கள் இன்று வாழும் இந்தக் கனடாவின் உதவியோடு, இலங்கை முழுவதும் விமானத்திலிருந்து படம்பிடிக்கப்பட்டது. பிற்காலப் படத் திருத்தங்களுக்கு அது பெரிதும் உதவியது. எங்கள் வயல்களை மேலிருந்து படம்பிடித்த நாட்டுக்கே நாங்கள் பிறகு அகதிகளாக வந்து சேர்ந்தோம்.

இரணைமடுவைப் பொறுத்தவரை இந்தத் திகதி மிக முக்கியம். குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920களின் ஆரம்பத்தில் முடிந்தது. பிறகு 1950களிலும் 1970களிலும் கட்டு உயர்த்தப்பட்டது. கட்டு உயர, தண்ணீர் பின்னால் காட்டுக்குள் மேலும் பரவும். எனவே பழைய தாளில் காணும் நீலப்பரப்பு இன்றைய குளத்தைவிடச் சிறியது. "இதென்ன, எங்கள் குளம் இவ்வளவுதானா?" என்று யாரும் ஏங்க வேண்டியதில்லை. அது அந்தத் திகதிக்குரிய குளம்.

மேடு பள்ளத்தைத் தண்ணீர் சொல்லும்

மலைநாட்டுத் தாளைப் பார்த்தால் சமவுயரக்கோடுகள் நூல்கண்டு அவிழ்ந்ததுபோல நெருக்கமாக இருக்கும். ஓர் அங்குலப் படத்தில் அக்கோடுகள் 100 அடிக்கு ஒன்று என்ற கணக்கில் வரையப்பட்டவை. கிளிநொச்சிப் பகுதியில் அவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நிலம் அவ்வளவு தட்டை. அப்படியானால் மேடு எது, பள்ளம் எது என்று எப்படி அறிவது?

நீல நிறத்தைப் பின்தொடருங்கள். கனகராயன் ஆறு வவுனியாவுக்கு வடக்கேயுள்ள காடுகளில் தொடங்கி வடக்கு நோக்கி வருகிறது. ஆகவே தெற்கு மேடு, வடக்குப் பள்ளம். கிளிநொச்சிக்குத் தென்கிழக்கே ஆற்றை மறித்துக் கட்டு நிற்கிறது. கட்டு குளத்தின் வடக்குப் பக்கத்தில் இருக்க, தண்ணீர் தெற்கே விரிந்து கிடக்கிறது. குளத்தின் ஒரு கரை கோடு கீறினாற்போல ஒழுங்காகவும் மறுகரை வளைந்து நெளிந்தும் இருக்கும். ஒழுங்கான கரை மனிதன் போட்ட கட்டு. நெளிந்த கரை அலைகரை. தண்ணீர் தானாகத் தேடிக்கொண்ட எல்லை. அந்த அலைகரை முழுவதும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதால், அதுவே இயற்கை வரைந்து தந்த ஒரு சமவுயரக்கோடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். குளமிருக்க அச்சுக்கோடு எதற்கு?

வாய்க்காலும் அப்படித்தான். கட்டிலிருந்து இரண்டு பெரிய வாய்க்கால்கள் புறப்படுகின்றன. ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் வலதுகரை, இடக்கைப் பக்கம் இடதுகரை. வடக்கே பார்த்து நிற்பதால் வலது என்பது கிழக்கு: வட்டக்கச்சி, முரசுமோட்டைப் பக்கம். இடது என்பது மேற்கு: கிளிநொச்சி, உருத்திரபுரம் பக்கம். இவ்வாய்க்கால்கள் ஆற்றைப்போல நேரே பள்ளத்துக்கு விழுந்து ஓடுவதில்லை. இயன்றளவு உயரத்தை விட்டுக்கொடுக்காமல், மெல்ல மெல்லச் சரிந்து, நிலத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டு போகின்றன. ஏனெனில் வாய்க்காலுக்குக் கீழே உள்ள நிலத்துக்குத்தான் தண்ணீர் தானாகப் பாயும். ஓரடி உயரத்தை வீணே இழந்தால் அந்த ஓரடிக்குரிய வயல்கள் எல்லாம் வறண்டுபோகும். ஆகவே வாய்க்காலின் கீழ்ப்பக்கம் வயல், மேற்பக்கம் குடியிருப்பு என்ற ஒழுங்கைப் படத்தில் காணலாம். திருவையாற்றில் பின்னர் ஏற்றுநீர்ப்பாசனம் வந்ததன் காரணமும் இதுவே. அங்குள்ள நிலம் வாய்க்காலுக்கு மேலே இருந்தது. இயந்திரம் இல்லாமல் தண்ணீர் ஏறாது.

பெயர்களும் நிலத்தைச் சொல்லும். படத்தில் ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பதால் இங்கத்தைய பிள்ளைகள் வாசித்துவிடுவார்கள். பொருளைப் பெரியவர்கள் சொல்ல வேண்டும். குளம், மடு, மோட்டை, கட்டு, தாழ்வு, வெளி, முறிப்பு என்று முடியும் பெயர்களுக்கு ஒரு பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். மடுவும் மோட்டையும் தண்ணீர் தேங்கும் பள்ளங்கள். இரணைமடு என்றால் இரட்டை மடு. முறிப்பு என்பது கட்டு முறிந்த இடம். புதுமுறிப்பு என்ற பெயரிலேயே ஒரு பழைய குளத்தின் துன்பக்கதை இருக்கிறது. கரடிப்போக்கு என்ற பெயரைப் படித்துவிட்டு அங்கு கரடி எப்போது போனது என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள்.

காட்டுக்குள் சிறு சிறு வளைகோடுகளாகக் கைவிடப்பட்ட குளங்கள் பல குறிக்கப்பட்டிருக்கும். வன்னி வெறுங்காடு, வெள்ளைக்காரன் வந்த பிறகுதான் அங்கு விவசாயம் என்று நினைப்பவர்கள் அந்தக் குறிகளை எண்ணிப் பார்க்கலாம். நில அளவைத் திணைக்களத்தில் நீண்டகாலம் பணியாற்றிய ஆர். எல். புரோகியர் 1930களில் இலங்கையின் பழைய நீர்ப்பாசன வேலைகள் பற்றி எழுதிய பெருநூலுக்கு இப்படிப்பட்ட படங்களும் கள அலைச்சலும்தான் அடித்தளம். கோயில் குறிகளையும் விட்டுவிடாதீர்கள். இரணைமடுக் கட்டோரம் கனகாம்பிகை அம்மன், உருத்திரபுரத்தில் உருத்திரபுரீஸ்வரர். குளமும் கோயிலும் அடுத்தடுத்து இருப்பது தற்செயல் அல்ல. குடியிருந்தவன் இரண்டையும் ஒன்றாகவே பார்த்தான்.

வாய்க்கால் இலக்கமே முகவரி

1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத்திட்டம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் சனநெருக்கமும் வேலையின்மையும் கூடியதே காரணம். அதன்பின் இரு தசாப்தங்களாகத் திட்டம் திட்டமாகக் காடு வெட்டிக் குடியேறினார்கள். என் அப்பப்பாவும் அப்படி 1950களில் வந்தவர்தான். அவர் தன் முகவரியைச் சொல்லும்போது தெருவைச் சொல்லமாட்டார், வாய்க்காலைச் சொல்வார். உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்பவை இன்றும் இடப்பெயர்களாகவே வழங்குகின்றன. நீர்ப்பாசனப் பொறியியலாளர் வரைபடத்தில் இட்ட இலக்கம் மக்களின் வாயில் ஊர்ப்பெயராகிவிட்டது. பழைய கிராமத்துக்கும் குடியேற்றத்திட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் படமே காட்டும். பழைய ஊரில் ஒழுங்கைகள் வளையும். திட்டத்தில் எல்லாம் அளவுகோல் வைத்துக் கீறியதுபோல இருக்கும்.

ஆனால் இதில் உங்கள் காணியைத் தேடாதீர்கள். ஓர் அங்குலப் படம் யாருடைய உரித்தையும் காட்டாது. ஒரு சதுர அங்குலம் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதில் மூன்று ஏக்கர் வயல் என்பது கடுகளவு. காணிப் பிணக்குக்கு இந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு போனால் எவரும் ஏற்கமாட்டார்கள். அதற்கு வேண்டியது நில அளவையாளரின் காணிப்படமும் துண்டு இலக்கமும், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரமும். போரில் பத்திரம் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தில் உள்ள பேரேட்டுப் பதிவைத் தேட வேண்டும். பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை என்று அச்சட்டத்தில் நெடுங்காலம் இருந்த ஏற்பாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாறியது. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் குறித்துவைக்கவும்.

இரண்டு தண்ணீர்

இனி முதலில் சொன்ன விடயத்துக்கு வருகிறேன். படத்தில் குளத்தைவிட்டுத் தண்ணீர் வெளியேறும் வழிகளைப் பாருங்கள். ஒன்று துருசு. அதைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலுக்குப் போய் வயலுக்குப் பாயும். மற்றது வான். குளம் நிறைந்து வழியும்போது மிஞ்சிய நீர் அதனால் பாய்ந்து, கனகராயன் ஆற்றின் பழைய வழியே வடக்கே இறங்கி, சுண்டிக்குளம் கடலேரியில் போய்ச் சேரும். துருசுத் தண்ணீர் கமக்காரனின் மூலதனம். வான் தண்ணீர் எவர் கணக்கிலும் வரவு வைக்கப்படாத மிச்சம். 2018 டிசம்பரில் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கீழ்ப்பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அந்தத் தண்ணீர் சென்ற பாதையைப் படத்தில் விரலால் தொடரலாம்.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்ற திட்டம் இந்த இரண்டாவது தண்ணீரைப் பற்றியது. வடக்கே உள்ள தாளையும் இதனோடு ஒட்டிவைத்தால் அவருடைய எண்ணம் துலங்கும். ஆனையிறவில் தெருவும் புகையிரதப் பாதையும் கடலேரியைக் குறுக்கறுத்துச் செல்கின்றன. அந்தக் கடலேரியில் உப்புநீர் புகாமல் தடுத்து, கடலுக்குப் போகும் ஆற்றுநீரைத் தேக்கி, முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடலேரிக்கு விடுவது, அங்கிருந்து உப்பாற்றுக்கு. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் போட்டு உப்புநீரை மறிப்பது. கடலேரிகள் நன்னீராக மாறினால் சுண்ணாம்புக்கல்லின் அடியில் உள்ள கிணற்றுநீரும் இனிக்கும், உவர்நிலமும் திருந்தும். குளத்தில் ஒரு சொட்டும் கேட்காத திட்டம் அது. தடுப்பணைகள் 1950களில் கட்டப்பட்டன. முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. என் அபிப்பிராயத்தில், அத்தாளில் உள்ள அந்தச் சிறு இடைவெளி எமது அரசியல்வாதிகளின் மேடைப்பேச்சு முழுவதையும்விடக் கனமானது.

2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வந்த குடிநீர்த் திட்டம் முதலாவது தண்ணீரைப் பற்றியது. குளத்திலிருந்தே நாளொன்றுக்குச் சுமார் 27,000 கன மீற்றர் எடுத்துக் குழாய் வழியாக யாழ்ப்பாணம் கொண்டுபோவதாக இருந்தது. இப்போது கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி. அது ஏறத்தாழ 1,233 கன மீற்றர். நாளுக்கு 27,000 என்றால் ஆண்டுக்கு 98 இலட்சத்துக்கு மேல். அதாவது சுமார் 8,000 ஏக்கர் அடி. 1970களின் உயர்த்தலுக்குப் பிறகு குளத்தின் கொள்ளளவு 106,500 ஏக்கர் அடி. ஆகவே கேட்டது நூற்றுக்கு ஏழரைப் பங்கு. "இதைத் தர மாட்டீர்களா, குடிக்கத்தானே கேட்கிறோம்" என்று யாழ்ப்பாணத்தார் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

கமக்காரன் வேறு பேரேட்டைப் பார்க்கிறான். குளத்தின் கீழ் சுமார் 21,000 ஏக்கர் வயல் உண்டு. முழுக்குளத்தையும் அத்தனைக்கும் பங்கிட்டால் ஏக்கருக்கு ஐந்தடித் தண்ணீர்தான் வரும். மாரி மழை பெய்யும் காலபோகத்தில் குளம் துணைக்கு நின்றால் போதும். சிறுபோகம் அப்படியல்ல. சித்திரை தொடங்கி ஆவணி வரை வெயில் எரிக்கும். வாய்க்காலில் போகும் இழப்பையும் சேர்த்து ஏக்கருக்கு ஐந்தடி தேவை என்று வைத்துக்கொண்டால், 8,000 ஏக்கர் அடி என்பது 1,600 ஏக்கர் சிறுபோக வயல். சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் தண்ணீர் எட்டாததால் குளத்தில் நிற்கும் அளவைப் பார்த்துப் பங்கு பிரித்தே விதைப்பார்கள். அந்தப் பங்கிலிருந்து 1,600 ஏக்கர் போகிறது என்றால், அது வாய்க்காலின் கடைசியில் இருப்பவனின் அடுப்பைத்தான் முதலில் தொடும். மழை பொய்த்த ஆண்டில் ஏழரைப் பங்கு என்ற கணக்கும் நிற்காது. குளம் பாதியாக இருந்தாலும் குடிநீர்க் குழாய் பாதியாக ஓடாது.

இரண்டு கணக்கும் சரியானவை. தேசப்படம் ஐந்தொகை அல்ல என்பதை இங்கு நினைவில் வைக்க வேண்டும். படத்தில் குளம் எப்போதும் நீலமாக நிறைந்தே இருக்கும். ஆவணி மாதத்துக் குளத்தை எந்தப் படமும் காட்டுவதில்லை. படத்தை மாத்திரம் பார்த்துத் திட்டம் போடுபவருக்கும், வெடித்த வயலில் நின்று பேசுபவருக்கும் இடையில் இருந்தது அந்த வேறுபாடுதான். இறுதியில் திட்டம் மாற்றப்பட்டு, கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தரத்தக்கது அது. ஆறுமுகம் சொன்ன வான் தண்ணீர்க் கணக்கு இன்னும் தீர்க்கப்படாமலே கிடக்கிறது.

வீட்டுப் பயிற்சி

பத்தில் ஓர் அங்குலக் கட்டங்கள் உள்ள மெல்லிய தாளைக் குளத்தின்மேல் வைத்து, நீலத்துக்குள் விழும் கட்டங்களைப் பிள்ளைகள் எண்ணட்டும். ஒரு கட்டம் 6.4 ஏக்கர், ஊர்க் கணக்கில் நூறு பரப்புக்குச் சற்று மேல். பாதிக்கு மேல் நீலமான கட்டத்தை ஒன்றாகவும், குறைந்ததைச் சுழியமாகவும் கொள்ளலாம். பிறகு 1:50,000 படம் ஒன்று கிடைத்தால் அதில் ஒரு சதுர சென்ரிமீற்றர் 25 ஹெக்ரெயர் என்று கொண்டு மீண்டும் எண்ணுங்கள். ஒரு ஹெக்ரெயர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். கட்டு உயர்ந்ததால் எத்தனை ஏக்கர் காடு தண்ணீருக்குள் போனது என்பது கழித்தலில் தெரியும்.

அடுத்ததாக ஒரு தையல் நூலை எடுத்து இடதுகரை வாய்க்காலின் வளைவுகளோடு பொருத்திக் கடைசி வயல்வரை அளக்கட்டும். அங்குலம் ஒன்றுக்கு ஒரு மைல். அதே இரு முனைகளுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரத்தையும் அளந்து, வாய்க்கால் ஏன் சுற்றிப் போகிறது என்று கேளுங்கள். மேலே எழுதியதைப் படித்த பிள்ளை பதில் சொல்லும்.

மூன்றாவது பயிற்சி பெரியவர்களுக்கு. வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் ஒற்றையடிப் பாதைகளுக்கும் ஊரார் வைத்த பெயர்கள் இப்படத்தில் இல்லை. துருசு திறந்தால் தண்ணீர் எத்தனை மணிநேரத்தில் தன் வரம்புக்கு வந்து சேரும் என்பதை வட்டவிதானையாரிடம் கேட்காமலே சொல்லக்கூடியவர்கள் எமது முதியோரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பிரதியை அவர்கள் முன் விரித்து, சொல்வதைச் சொன்னபடியே அந்தந்த இடத்தில் மையால் எழுதி, சொன்னவர் பெயரையும் திகதியையும் ஓரத்தில் போடுங்கள். எழுத்து சிறிதாக இருப்பதால் அவர்களுடைய மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துக் கொடுக்கவும்.